திருத்தி விற்பதா, புதிதாய்க் கட்டுவதா, வாடகைக்கு விடுவதா: வன்னியில் வீட்டில் காசு போடுமுன்

கையிலும் கடனிலுமாக ஒரு கோடி ரூபாய் அளவில் திரட்டி, கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு வீட்டில் போட்டுப் பெருக்கலாமா என்று யோசிப்பவருக்கு முன்னால் நாலு வழி கிடக்கிறது. பழைய வீட்டை வாங்கித் திருத்தி உடனே விற்கலாம். வெறுங்காணி வாங்கிப் புதுவீடு கட்டி விற்கலாம். பழைய வீட்டைத் திருத்தி வாடகைக்கு விட்டு, நல்ல விலை வரும்போது கைமாற்றலாம். நாலாவது, பேமிற் காணியில், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியில், மலிவாய்க் கிடைக்கும் வீட்டை வாங்குவது. இந்த நாலாவதை வழி என்று எண்ணுவதே சரியில்லை. ஆனால் தரகர்மார் முதலில் காட்டுவது பெரும்பாலும் அதைத்தான் என்பதால் அதையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தக் காசு உள்ளவருக்கு மூன்றாவது வழி. முதலாவது வழி, நகரத்துக்குள், காகிதத்தில் ஒரு சிக்கலும் இல்லாத வீடு அகப்பட்டால் மட்டும். இரண்டாவது, வாங்குகிறவர் முற்பணத்தோடு முன்னாலேயே வந்து நின்றால். வன்னியில் வீட்டின் விலையைச் சுவரும் நிலமும் பாதிதான் தீர்மானிக்கின்றன. மற்றப் பாதி உறுதியில், அதாவது காணியின் உரித்துப் பத்திரத்தில், இருக்கிறது.

யூரியூப்பில் அமெரிக்கக்காரர் வீட்டை வாங்கி, குசினிச் சுவரை உடைத்து, மூன்று மாதத்தில் விற்று இலாபம் எண்ணுவதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கூடவே ஒரு சூத்திரத்தையும் கொண்டுவருவார்கள். அதுதான் 70 வீத விதி. திருத்திய பிறகு வீடு என்ன விலைக்குப் போகும் என்று பார்த்து, அதில் 70 வீதத்தை எடுத்து, திருத்தச் செலவைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் கொடுக்கக்கூடிய உச்ச விலை. திருத்திய வீடு ஒரு கோடி, திருத்தம் 20 இலட்சம் என்றால் 50 இலட்சத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது. கணக்கு நல்ல கணக்குத்தான். ஆனால் அங்கே பக்கத்து வீடு போன மாதம் என்ன விலைக்குப் போனதென்று பெரும்பாலான இடங்களில் தேடிப் பார்க்க முடியும். உரித்தில் வில்லங்கம் வந்தால் ஈடுசெய்யக் காப்புறுதி இருக்கிறது. வாங்குகிறவரும் பெரும்பாலும் வங்கிக் கடனோடுதான் வருவார். இங்கே உறுதியில் எழுதும் விலையும் கைமாறும் விலையும் ஒத்துப்போவது அபூர்வம். திருத்திய வீடு என்ன விலை போகும் என்று கேட்டால் தரகர் ஒன்று சொல்வார், கனடாவிலிருந்து விசாரித்த மச்சான் ஒன்று சொல்வார், வங்கியின் மதிப்பீட்டாளர் இன்னொன்றை எழுதுவார். மூன்றில் குறைந்தது மதிப்பீட்டாளரின் தொகையாகத்தான் இருக்கும். அதையே நம்பிக் கணக்குப் போடுங்கள். உங்களிடம் வாங்கப்போகிற ஆசிரியருக்கும் தாதிக்கும் வங்கி அந்தத் தொகையை வைத்துத்தான் கடன் கொடுக்கும்.

உறுதி என்றால் எந்த உறுதி?

"உறுதிக் காணியோ?" என்று கேட்டு, "ஓம்" என்ற பதிலோடு முற்பணம் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உறுதியிலும் பல வகை உண்டு. நேரே காசு கொடுத்து வாங்கிய விலை உறுதி ஒன்று. தாய் தகப்பன் பிள்ளைக்கு எழுதிய நன்கொடை உறுதி வேறொன்று. அதில் "எங்கள் சீவிய உரித்துக்கு உட்பட்டு" என்று ஒரு வரி கிடந்தால், அந்த முதியவர்கள் இருக்கும்வரை வீட்டில் இருக்கும் உரிமை அவர்களுடையது. பிள்ளையிடம் வாங்கினாலும் அந்த உரிமை போகாது. நன்கொடையை வாங்கியவர் பெரும் நன்றிகேடு காட்டினார் என்று கொடுத்தவர் வழக்காடி நன்கொடையை நீக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. அதனால் அண்மையில் எழுதிய நன்கொடை உறுதியைக் கண்டால் வங்கி முகம் சுளிக்கும்.

முதுசமாய் வந்து பிரிக்கப்படாமல் கிடக்கும் பங்குக் காணி இன்னொரு தலையிடி. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் முற்கொள்வனவு உரிமை என்று ஒன்றிருக்கிறது. 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, பிரிபடாத பங்கை விற்கிறவர் முதலில் பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் வாங்கி, 25 இலட்சம் போட்டுத் திருத்தி, வெள்ளை அடித்து முடித்த பிறகு சுவிஸிலிருந்து ஒரு பங்காளி வழக்கோடு வந்தால் உங்கள் ரைல்ஸ் எல்லாம் நீதிமன்றத்தின் கையில். கிணற்றுப் பங்கையும் ஒழுங்கைப் பாதையையும் இதே கண்ணோடு பாருங்கள். "கிணற்றில் பாதி" என்று உறுதியில் எழுதியிருக்கும், ஆனால் கிணறு பக்கத்து வளவுக்குள் இருக்கும். நடுவில் ஐந்தடி மதில்.

வங்கிகள் பொதுவாகக் காணிப் பதிவகத்தில் 30 வருடத் தேடுதல் கேட்கும். வன்னியில் 30 வருடம் பின்னால் போனால் 1990களின் நடுப்பகுதி. ஆட்களே இருந்த இடத்தில் இல்லாத காலம் அது. 1996இல் கிளிநொச்சி நகரம் முழுதாக இடம்பெயர்ந்தது. 2008, 2009இல் மறுபடியும். மூல உறுதிகள் தறப்பாள் கொட்டிலோடு போயின. இன்று கையில் இருப்பது பல இடங்களில் நிழற்பிரதி. நிழற்பிரதியை வைத்துப் பேச்சைத் தொடங்கலாம், காசைக் கொடுக்கக்கூடாது. பதிவகத்தில் தோம்பு, அதாவது காணிப் பதிவேடு, பார்த்து, உறுதிப்படுத்திய பிரதி எடுத்து, உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிதாய் அளந்து, பழைய வரைபடத்தோடு ஒத்துப்பார்த்த பிறகே அடுத்த அடி. காடு சார்ந்த பக்கமென்றால் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் வளவுக்கு எந்தப் பக்கத்தில் நிற்கிறதென்றும் பாருங்கள். போர்க்காலத்தில் கைமாறிய துண்டுக் கடிதங்களை எவ்வளவு பெரிய முத்திரையோடு காட்டினாலும் அவற்றால் உரித்து வராது.

ஒப்பமிட வேண்டியவரே காணாமற்போயிருப்பது இங்கே பல வீடுகளில் நடப்பு. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பேரிலுள்ள காணியானாலும், விற்கும்போது கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் நடைமுறை. கணவன் காணாமலாக்கப்பட்டவர் என்றால்? 2016இல் வந்த திருத்தத்தால் இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக இல்லாமைச் சான்றிதழ் பெற வழி பிறந்தது. ஆனால் அந்தக் காகிதத்தை மட்டும் நம்பி நிலம் வாங்க வேண்டாம். மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதிக்கு வழக்கறிஞர் மூலம் போங்கள். மாதக்கணக்கில் இழுபடும். இப்படியான பெண்களிடம் "காசு இப்போதே தருகிறேன், விலையைக் குறையுங்கோ அக்கா" என்று பேரம் பேசி வாங்கி விற்பதை வியாபாரச் சாமர்த்தியம் என்று சொல்லித் திரிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஒவ்வாது. சட்டப்படி பார்த்தாலும் அது பின்னால் வெடிக்கிற கொள்வனவு.

பேமிற் காணி வீடு

கிளிநொச்சிக் குடியேற்றங்களின் அடிப்படை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் முன்னனுமதி இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. பேமிற் ஒரு படி உயர்ந்து அளிப்புப் பத்திரமானாலும் கட்டுப்பாடு முற்றாக விட்டுப்போகாது. 2024இல் தொடங்கிய உறுமய திட்டத்தில் சிலருக்கு முழு உறுதி கிடைத்தது. ஆகவே, "உறுமய வந்திட்டுது" என்று விற்பவர் சொன்னால் பத்திரத்தைக் கையில் வாங்கி, பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வருமென்று சொன்னதற்கும் வந்ததற்கும் இடையில் இருப்பது உங்கள் காசு.

இந்தக் காணிகளில் நிற்கும் வீடுகளில் பெருந்தொகை இந்திய வீட்டுத்திட்ட வீடுகள். 2012இல் பெருமளவில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீடொன்றுக்கு 550,000 ரூபாய் கட்டம் கட்டமாகக் கிடைத்தது, பயனாளியே நின்று கட்டினார். இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி. கட்டியவர் கவனமாய்க் கட்டியிருந்தால் நல்ல உறுதியான வீடு. முன்னால் ஒரு விறாந்தையும் பின்னால் ஒரு அறையும் சேர்த்தால் எடுப்பாக வரும். அதனால்தான் சபலம் வருகிறது. வெள்ளைக் கடதாசியில் எழுதி, கிராம அலுவலர் அறிய, சத்தியக்கடதாசி முடித்து, உறுதிக் காணியின் பாதி விலைக்குத் தருவார்கள். வாங்கலாம், திருத்தலாம். பிறகு யாருக்கு விற்பீர்கள்? வங்கிக் கடனில் வருகிறவர் வாங்க முடியாது. வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவர் வழக்கறிஞரிடம் காட்டுவார், வழக்கறிஞர் வேண்டாமென்பார். மிஞ்சுவது உங்களைப் போலவே மலிவு தேடி வருகிற இன்னொருவர், அவரும் பாதி விலைதான் தருவார். நீங்கள் போட்ட கல்லும் கம்பியும் முழு விலைக்கு வாங்கியவை. குடியிருக்க நினைப்பவருக்கு இந்த வீடுகள் வேறு கதை. விற்று இலாபம் பார்க்க நினைப்பவர் கிட்டப்போக வேண்டாம்.

சுவரைத் தட்டிப் பார்ப்பது

காகிதம் சரி என்றான பிறகு வீட்டுக்குள் போகலாம். வீடு திருத்துகிற கொந்தராத்து வேலையில் இருப்பவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

போருக்கு முந்திய வீடுகளில் பல, 2009க்குப் பின் ஆட்கள் திரும்பி வரும்வரை கூரையில்லாமல் மழையில் நின்றவை. கூரை போன சுவரின் மேல்வரிசையில் தண்ணீர் இறங்கி, பழைய சுண்ணாம்புச் சாந்து கரைந்துபோயிருக்கும். வெளியே புதுப் பூச்சு பளபளக்கும். ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போங்கள். கணீரென்றால் நல்லது, பொத்தென்று சத்தம் வருகிற இடத்தில் பூச்சு விலகியிருக்கிறது, உள்ளே கல்லும் ஈரம் குடித்திருக்கலாம். ஷெல் விழுந்த வீட்டில் ஓட்டையை அடைத்திருப்பார்கள், அதைப் பற்றிக் கவலை இல்லை. கவலை யன்னலுக்கு மேலே ஓடும் கொங்கிறீற்று வளையத்தைப் பற்றியும் பிளேற் என்கிற கொங்கிறீற்றுத் தட்டைப் பற்றியும்தான். அதிர்வில் விட்ட மயிர்வெடிப்பு வழியாக வருடக்கணக்கில் தண்ணீர் போனால் கம்பி துருப்பிடித்து ஊதும், கொங்கிறீற்றை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். பிளேற்றின் அடியில் செம்பழுப்புக் கறையைக் கண்டால் அந்தப் பிளேற்றை இறக்கும் செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அதற்கு மேல் பூசி மறைப்பது உங்களிடம் வாங்கப்போகிறவரின் தலையில் இறக்குவது.

கூரை மரத்தில் கறையான் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. தீராந்தி சுவருக்குள் போகிற இடத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள்; நடுவில் திடமாய் இருக்கிற மரமும் அந்த முனையில் உமியாய்ப் போயிருக்கும். பனஞ்சலாகை நல்ல வைரமாய் இருந்தால் அதை மாற்றச் சொல்கிற மேசனை மாற்றுங்கள்.

மண்ணும் இடத்துக்கிடம் வேறு. மன்னார்ப் பக்கம் முருங்கனின் கருங்களி மாரியில் உப்பும், கோடையில் பிளக்கும். அங்கே ஆழமில்லாத அத்திவாரத்தில் நிற்கும் வீட்டில் வெடிப்பை அடைப்பது வருடாந்தத் திருவிழா. கிளிநொச்சியில் தாழ்வான பக்கத்து வீடு என்றால் 2018 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு வந்தது என்று விற்பவரைக் கேட்காதீர்கள், எதிர்வீட்டு ஆச்சியைக் கேளுங்கள். இரணைமடுவின் வான்கதவுகள் திறந்த அந்த நாட்களில் கண்டாவளை, முரசுமோட்டைப் பக்கம் தண்ணீருக்குள் கிடந்தது. வாங்குவதற்காக வீடு பார்க்க ஏற்ற காலம் கார்த்திகை, மார்கழி. கோடையில் எல்லா வளவும் மேட்டுக்காணிதான்.

தண்ணீர் வீட்டின் விலையைப் பேசாமல் தின்கிறது. பூநகரிப் பக்கமும் பரந்தனுக்கு வடக்கேயும் உவர். வவுனியாவின் சில பகுதிகளில் சிறுநீரக நோய்ப் பயத்தால் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவே மக்கள் தயங்குகிறார்கள். வாங்க வருகிற குடும்பத்தின் அம்மா கிணற்றடிக்குப் போய் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். முகம் மாறினால் பேரம் முடிந்தது. நீர் வழங்கல் சபையில் பரிசோதித்த அறிக்கையை முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பது, இன்னொரு அறைக்கு ரைல்ஸ் பதிப்பதைவிடப் பலன் தரும். நீண்ட நாள் பாவிக்காத கிணறென்றால் தூர்வார ஆள் இறக்குமுன் பொலிஸுக்கு அறிவியுங்கள். இடம்பெயர்ந்த காலத்தில் கிணறுகளுக்குள் என்னென்னவோ போடப்பட்டன. கண்ணிவெடி அகற்றலை முடிக்க இலங்கைக்குள்ள காலக்கெடு 2028.

எண்ணிக்கையில் பார்த்தால்

ஒரு கற்பனைக் கணக்கு. நகரத்துக்குள் உறுதிக் காணியில் பழைய வீடு, விலை 80 இலட்சம் என்று வையுங்கள். முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம்: 319,000. நொத்தாரிசு, தோம்பு, அளவை எல்லாம் 120,000. திருத்தம் 25 இலட்சம். கடன் 50 இலட்சம், 12 வீத வட்டி, எட்டு மாதம்: 4 இலட்சம். 130 இலட்சத்துக்கு விற்று, தரகுக்கு 2 வீதம்: 260,000. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 116 இலட்சம். கையில் 14 இலட்சம் நிற்கும். மூலதன ஆதாய வரி 2025 ஏப்ரலிலிருந்து தனியாளுக்கு 15 வீதம், முன்னர் 10. கடன் வட்டியைக் கழிக்காமல் பார்த்தால் வரி 270,000 அளவில் வரும். மிச்சம் 11 இலட்சத்துச் சொச்சம்.

நல்லாகத்தான் இருக்கிறது. இப்போது பிளேற் இறக்க வேண்டிவந்து திருத்தம் 32 இலட்சமாகிறது. மிச்சம் ஐந்தரைக்குக் கீழே. வாங்க வந்தவரின் கடனை வங்கி நிறுத்திவைத்ததால் இன்னும் எட்டு மாதம் போகிறது. மிச்சம் ஒன்றரை இலட்சமும் இல்லை. பதினாறு மாத அலைச்சலுக்கு அது மேசனின் சம்பளத்தோடு போட்டிபோடாது. உடனே விற்கும் வழியின் பலவீனம் இதுதான்: அமெரிக்காவில் காசு பண்ணுவது வேகம், இங்கே வேகம் உங்கள் கையில் இல்லை. காணிப் பதிவகம், பிரதேச சபை, வங்கி, வெளிநாட்டிலிருக்கும் பங்காளியின் ஒப்பம் என்று வேகம் நாலு இடத்தில் பிரிந்து கிடக்கிறது.

இதையே தொழிலாக, ஒன்று விற்று ஒன்று வாங்கிச் செய்தால் இறைவரித் திணைக்களம் அதை மூலதன ஆதாயமாகப் பார்க்க வேண்டும் என்றில்லை. வியாபார வருமானமாகக் கொண்டால் ஆண்டுக்கு 18 இலட்ச விலக்குக்கு மேல் 6 வீதத்தில் தொடங்கி 36 வீதம் வரை ஏறும். இரண்டாவது வீட்டை வாங்குமுன் கணக்காளரிடம் ஒருமுறை போய்வருவது நல்லது. வேறொரு திக்கில், வீட்டைக் குறைந்தது மூன்று வருடம் சொந்தமாக வைத்திருந்து, அதில் இரண்டு வருடமாவது நீங்களே பிரதான வதிவிடமாகக் குடியிருந்து விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. குடும்பத்தோடு திருத்துகிற வீட்டிலேயே இருக்கச் சம்மதிக்கிற இளம் தம்பதிக்கு இது பெரிய காசு. மனைவியிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். சீமெந்துத் தூசிக்குள் சமைப்பது யாரென்று அவருக்குத் தெரியும்.

வெறுங்காணியில் புதுவீடு

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். நல்ல பக்கம்: காகிதம் ஒன்றே ஒன்று, முத்திரை வரி காணிக்கு மட்டும், மறைந்த வெடிப்பு இல்லை, மனைச்சாத்திரப்படி அக்கினி மூலையில் குசினியும் ஈசான மூலையில் கிணறும் வைத்துக் கட்டலாம். கடைசியாய்ச் சொன்னதைச் சின்ன விடயம் என்று எண்ண வேண்டாம். குசினி பிழையான மூலையில் இருக்கிறதென்று கைநழுவிய வீடுகள் இங்கே ஏராளம்.

கெட்ட பக்கம் பொருள் விலை. 2021 நடுப்பகுதியில் ஆயிரம் ரூபாயைச் சுற்றி நின்ற சீமெந்து மூடை 2022 நெருக்கடியில் மூவாயிரத்தை அண்டியது. அந்த வருடம் பாதியில் நின்ற வீடுகளின் கம்பிகள் சில இடங்களில் இன்னும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. பெறுமதி சேர் வரியும் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். சதுர அடிக்கு 9,000 என்று வைத்தாலே ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 90 இலட்சம். காணியைச் சேர்த்தால் பழைய வீடு திருத்தியதைவிட ஏறிவிடும். பிரதேச சபையின் கட்டட அனுமதி, பிறகு இணக்கச் சான்றிதழ், ஏ9 ஓரமென்றால் வீதிக்கோட்டுச் சான்றிதழ், மணலுக்கு அனுமதி, அறுவடை தொடங்கினால் கூலியாட்கள் வயலுக்குப் போவது என்று ஒரு வருடம் ஓடும். வாங்குகிறவர் கட்டம் கட்டமாய்க் காசு தர எழுத்தில் ஒப்பினால் செய்யுங்கள். கட்டி முடித்துவிட்டு ஆள் தேடலாம் என்றால் எனக்குச் சம்மதமில்லை.

திருத்தி வாடகைக்கு

வாடகை வட்டியைக் கட்டும் என்று நம்பிக் கடன் எடுக்காதீர்கள். மேலே சொன்ன வீட்டுக்கு மாதம் 35,000 வாடகை வந்தால் வருடத்துக்கு 420,000. போட்ட காசுக்கு நாலு வீதமும் இல்லை. 50 இலட்சக் கடனுக்கு வட்டி மட்டும் 6 இலட்சம். வங்கியில் நிலையான வைப்பில் போட்டால் 2025இல் ஏழு, எட்டு வீதம் சும்மா வந்தது. அப்படியிருந்தும் இந்த வழியை ஏன் முன்னுக்கு வைக்கிறேன்?

கடனில்லாதவருக்கு வாடகை ஒரு பொறுமைக் காசு. குறைந்த விலைக்கு ஆள் வந்தால் "வேண்டாம்" என்று சொல்லும் தெம்பை அது தருகிறது. வீட்டில் ஆள் இருந்தால் கறையானும் பாம்பும் குறைவு, வேலியை அரக்கிப் போடவும் ஆளில்லை. இரண்டு வருடத்தில் மாரி இரண்டு போய், கூரையின் ஒழுக்கெல்லாம் தெரிந்து அடைபட்டிருக்கும். அந்த நேரத்துக்குள் பழைய உறுதியின் சில்லறைச் சிக்கல்களையும் ஆறுதலாய்த் தீர்க்கலாம்: ஆதன வரிப் பதிவு, மின்சார இணைப்பின் பெயர்மாற்றம், விட்டுப்போன ஒரு சகோதரியின் ஒப்பம். எல்லாம் முடிந்த வீடு வங்கிக் கடனுக்குத் தகுதியான வீடு. விலையைக் கூட்டித் தருவது அந்தத் தகுதிதான்.

ஆனால் வாடகைக்கு ஆள் வருகிற இடம் வேண்டும். கிளிநொச்சியில் அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன; மாணவரும் விரிவுரையாளரும் நகரத்துக்கும் அங்குமிடையில் வீடு தேடுகிறார்கள். வவுனியாவில் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகம், பம்பைமடுவில். குருமன்காடு, வைரவபுளியங்குளம் பக்கம் வைத்தியர்களும் பிள்ளைகளை ரியூசனுக்கு விடும் குடும்பங்களும் வருவதால் வீடு வெறுமையாய்க் கிடப்பது குறைவு. புதுக்குடியிருப்பு, முள்ளியவளை, ஒட்டுசுட்டான் பக்கம் வாடகைக்கு வருபவர் பெரும்பாலும் இடமாற்றத்தில் வந்த உத்தியோகத்தர். இடமாற்றம் வந்தால் போய்விடுவார். மாங்குளத்திலும் பரந்தனிலும் முதலீட்டு வலயம் வருகிறதென்ற அறிவிப்பை வைத்துக் காணி விலையைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வலயம் வந்து ஆள் வேலைக்குப் போகத் தொடங்கட்டும், பிறகு அந்த விலையைப் பேசலாம்.

எந்த வழியில் போனாலும் விற்கும் மாதத்தைத் திட்டமிடுங்கள். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவது பள்ளி விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் சேர்கிற ஆடி, ஆவணியில். ஆடியில் வீடு பார்ப்பார்கள், பேசுவார்கள், முற்பணமும் தருவார்கள். உறுதி முடிப்பது ஆவணி பிறந்த பிறகு. ஆகவே ஆனி முடியுமுன் வெள்ளை அடித்து, கேற்றுக்கு மை பூசி, கொமட் வைத்த குளியலறை ஒன்றாவது உள்ளே இருக்கும்படி செய்து வையுங்கள். வயதான தாய் தகப்பனுக்காக வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.

வாங்க வருபவரின் கடவுச்சீட்டையும் கேளுங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரசைக்குக் காணி எழுத முடியாது. கனடாப் பிரசையாகிவிட்ட யாழ்ப்பாணத்தவர் இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் வாங்கலாம், எடுக்காவிட்டால் முடியாது. "தம்பியின் பேரில் எழுதுங்கோ" என்பார்கள். விற்கிற உங்களுக்கு அதில் தடையில்லை, அது அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொள்ள வேண்டிய விடயம். ஆனால் நீங்களே வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் இருந்துகொண்டு தம்பியின் பேரில் வாங்கித் திருத்தப் போகிறீர்கள் என்றால், மேலே போட்ட கணக்கு எதுவும் உங்களுடையதல்ல, தம்பியுடையது. முதலில் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள்.